நிலுவையில் ஒரு விடுப்பு விண்ணப்பம்

உட்கார் அம்மா, உட்கார். அந்த இருக்கையில் இருப்பது என் கைப்பைதான், எடுத்துவிடுகிறேன். கீழே கேரியர் இருக்கிறது, கால் பட்டுவிடாமல் பார்த்துக்கொள். மதியச் சாப்பாடு.

கப்பல் நாற்பது நிமிடம் தாமதமாம். இந்தியிலும் அறிவித்தார்கள், ஆங்கிலத்திலும் அறிவித்தார்கள். காரணத்தை இரண்டிலும் சொல்லவில்லை. நாற்பது நிமிடம் என்பது ஒரு பாடவேளை. ஒழுங்காகப் பயன்படுத்தினால் வருகைப் பதிவில் தொடங்கி வீட்டுப்பாடம் வரை ஒரு பாடத்தையே முடித்துவிடலாம். இங்கே எல்லோரும் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் பார். கடலைப் பார்த்துக்கொண்டு! கடலை ஒன்பது நாளாகப் பார்த்தாயிற்றே.

தனியாகவா வந்தீர்கள் என்று கேட்கிறாய். தனியாக வரவில்லை. தனியாகப் போகிறேன். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

என் பெயர் உலகம்மாள். தென்காசிப் பக்கம். அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுப் பணி. அதில் கடைசி இருபத்திரண்டு ஆண்டு தலைமையாசிரியை. கணிதம் கற்பித்தேன், தமிழ்வழியில். நான் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பு வருகிறதா உனக்கு? வரட்டும். எழுதுவதுபோலப் பேசுகிறேன் என்று என் மகளும் சொல்வாள். எழுதத் தெரிந்தவள் வேறு எப்படிப் பேசுவது? உன் பெயர் என்ன சொன்னாய்? மதுவந்தி. கரூர். திருமணமாகிப் பதினேழு நாள். தேநீர் வாங்கப் போயிருப்பவர் உன் கணவர். நல்லது. அவர் போய்ப் பதினொரு நிமிடம் ஆகிறது, கவனித்துக்கொள்.

என் கணவர் விடுதியிலேயே இருக்கிறார். அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எங்களுக்குள் சண்டையும் இல்லை. நாற்பது ஆண்டில் நாங்கள் சண்டை போட்டதே இல்லை. சண்டைக்கு இருவர் பேசவேண்டும். அவர் விடுப்புக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். விண்ணப்பம் என் பரிசீலனையில் இருக்கிறது.

புரியவில்லையா? முதலிலிருந்து சொல்கிறேன்.

அவர் பெயர் தீத்தாரப்பன். என் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். நான் தலைமையாசிரியையாக இருந்த இருபத்திரண்டு ஆண்டில் பத்தொன்பது ஆண்டு எனக்குக் கீழே பணிபுரிந்தார். பள்ளியில் என்னை 'டீச்சர்' என்று அழைத்துப் பழகியவர் வீட்டிலும் அப்படியே அழைத்தார். நான் திருத்தவில்லை. மனைவி என்பதற்காக அவர் எந்தச் சலுகையும் எதிர்பார்க்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர் எதிர்பார்க்கவும் இல்லை. நானும் கொடுக்கவில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்.

ஒன்பது பத்துக்கு ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் நான் சிவப்புக் கோடு போட்டுவிடுவேன். கோட்டுக்குக் கீழே கையெழுத்திட்டால் தாமதம். மூன்று தாமதம் சேர்ந்தால் அரைநாள் தற்செயல் விடுப்பு கழியும். இது விதி. நான் எட்டரைப் பேருந்தில் போய்விடுவேன். அவர் என் மாமியாருக்குக் கஞ்சி கொடுத்து, மகள் கல்யாணியைப் பள்ளியில் விட்டு, அடுப்பை அணைத்து, வீட்டைப் பூட்டி, எங்கள் இருவருக்கும் கேரியரில் சாப்பாடு கட்டிக்கொண்டு மிதிவண்டியில் வரவேண்டும். ஒன்பது பன்னிரண்டு ஆகிவிடும். சில நாள் ஒன்பது பதினான்கு. அதற்கு நான் என்ன செய்வேன் சொல்? கோடு போட்டபின் போட்டதுதான். அவருடைய தற்செயல் விடுப்பில் பெரும்பகுதி ஆண்டுதோறும் அப்படியே கழிந்தது. மற்ற ஆசிரியர்கள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய் வந்தார்கள். இவருக்கு விடுப்பு மிச்சமிருக்காது.

அந்தக் கேரியர்தான் இது. இரண்டடுக்கு. மேலடுக்கு எனக்கு, கீழடுக்கு அவருக்கு. பள்ளிக்கு வந்ததும் மேலடுக்கைக் கழற்றி என் அறை மேசையில் வைத்துவிட்டுக் கீழடுக்கோடு விளையாட்டுப் பொருள் அறைக்குப் போய்விடுவார். தலைமையாசிரியை ஓர் ஆசிரியரோடு மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவது சரியாக இருக்காது அல்லவா? பத்தொன்பது ஆண்டு அவர் கூடைப்பந்துகளுக்கு நடுவில் சாப்பிட்டார். அவருக்கு இரத்த அழுத்தம் வந்தபின் கீழடுக்கில் உப்பு பாதிதான். அந்தப் பாதியைக் குறைத்ததும் நான்தான். அக்கறையில் நான் குறை வைத்ததில்லை.

இரண்டாயிரமாவது ஆண்டில் ஒருமுறை விண்ணப்பம் கொடுத்தார். போர்ட் பிளேரில் அவருடைய பழைய நண்பர் ஒருவர் மின்துறையில் இருந்தார், வரச்சொல்லி எழுதியிருந்தார். "டீச்சர், நாம ரெண்டு பேரும் போய் ஒரு வாரம் கடலப் பாத்துட்டு வருவோமா?" என்று வீட்டில் கேட்கலாம் அல்லவா? கேட்கவில்லை. முறைப்படி விண்ணப்பமாக எழுதி அலுவலக உதவியாளர் வழியாக அனுப்பினார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது. ஆனால் அவருக்கு இருப்பில் இருந்தது ஒன்றரை நாள் விடுப்பு. தலைமையாசிரியையும் ஒரே சமயத்தில் விடுப்பில் போனால் பள்ளி என்ன ஆவது? 'பரிசீலிக்க இயலவில்லை' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினேன். அன்று மாலை வீட்டில் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வாழைக்காய் வறுத்துக் கொடுத்தார். பெருந்தன்மையான மனிதர்.

இந்த ஆண்டு எங்கள் திருமணத்தின் நாற்பதாம் ஆண்டு. கல்யாணி பெங்களூரில் இருக்கிறாள். எங்களைக் கேட்காமலே ஏற்பாடு செய்துவிட்டாள். முதலில் நீல் தீவில் ஒரு விடுதி, நான்கு நாள். பிறகு இந்த ஹேவ்லாக்கில் ஒரு விடுதி, ஐந்து நாள். இரண்டும் கடலை ஒட்டியவை.

"அங்கே போய் என்ன பார்க்கவேண்டும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பாக்க வேண்டாம்மா. சும்மா இருக்கணும். மெதுவா எந்திரிச்சு, மெதுவா சாப்ட்டு, கடலோரமா உக்காந்திருக்கணும். அதுக்குத்தான் போறதே."

"சும்மா இருப்பதற்குக் கடல்கடந்து ஏன் போகவேண்டும்? வீட்டிலேயே இருக்கலாமே."

"வீட்டுல நீங்க இருக்க விட மாட்டீங்கம்மா."

அவள் எப்போதும் வேடிக்கையாகப் பேசுவாள்.

நான் கால அட்டவணை தயாரித்தேன். ஒன்பது நாளுக்கும், நாளைக்கு எட்டுப் பாடவேளை. சூரியோதயம், நடை, காலையுணவு, கடிதம் எழுதுதல், வாசிப்பு, மதியம் ஒரு மணிக்கு உணவு, கடலைப் பார்த்தல், மறுபடி நடை. கடலைப் பார்ப்பதற்கு முழுதாக நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தேன் என்பதைக் கவனி. இங்கே சூரியன் ஐந்து மணிக்கே வந்துவிடுகிறது. அந்த நேரந்தவறாமை எனக்குப் பிடித்திருந்தது.

நீல் தீவு விடுதியில் எங்களைப் புதுமணத் தம்பதி என்று நினைத்துக்கொண்டார்கள். கட்டில்மேல் செம்பருத்தி. இரண்டு துண்டுகளை இரண்டு அன்னங்களாக மடித்து மூக்கோடு மூக்கு வைத்திருந்தார்கள். நான் அவற்றைப் பிரித்து ஒழுங்காக நான்காக மடித்து வைத்தேன். மறுநாளும் அன்னம். மறுநாளும் பிரித்தேன். நான்காம் நாள் பார்க்கிறேன், இவர் அறையைத் துடைக்க வரும் பெண்ணிடம் அந்த மடிப்பைக் கற்றுக்கொண்டிருக்கிறார்! அவளுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இந்தி தெரியாது. இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து விடுதி ஊழியர்கள் செய்யாவிட்டாலும் இவர் செய்துவிடுவார்.

அது இருக்கட்டும். என் மனக்குறை இங்கே, இந்தத் தீவில் தொடங்கியது.

விடுதியில் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு வலைத்தொட்டில் கட்டியிருக்கிறார்கள். உங்கள் விடுதியிலும் இருந்திருக்கும். வந்த அன்று காலை இவர் அதில் ஏறிப் படுத்தார். படுத்தவர் படுத்தவர்தான். நான் அட்டவணையோடு போனேன்.

"இது என்ன பீரியட் டீச்சர்?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"இரண்டாம் பாடவேளை. நடை."

"அப்ப எனக்குப் பதிலா யாரையாவது போட்டுக்கிடுங்க."

"எதிரில் கடல் இருக்கிறது. எழுந்து போய்ப் பார்க்கவாவது வேண்டாமா?"

"அது எங்க டீச்சர் போகப்போகுது? நானும் எங்கயும் போகல. ரெண்டு பேரும் இங்கனதான இருக்கோம்."

அந்த விடுதியில் உணவகத்தைப் பார்த்துக்கொள்பவர் அற்புதராஜ். ஐம்பது வயதிருக்கும். போர்ட் பிளேரில் பிறந்தவர், பூர்வீகம் இராமநாதபுரம். தமிழ் பேசக் கேட்டதும் இவரோடு ஒட்டிக்கொண்டார். சாருக்கு உப்பு பாதிதான், எதிலும், என்று முதல் வேளையே அவரிடம் சொல்லிவைத்தேன். இவர் தொட்டிலில் படுத்திருக்க, அவர் பக்கத்தில் நின்றபடி, "சார், ஆடுறதப் பாத்தா உங்களுக்கு ஸ்கூல்ல வேலையே குடுக்கல போலயே" என்பார்.

"குடுத்தாங்க அண்ணாச்சி. வாரத்துக்கு இருவத்தெட்டு பீரியட் குடுத்தாங்க. அதுல இருவத்தஞ்ச கணக்கு டீச்சர் வாங்கிட்டுப் போயிருவாங்க. போர்ஷன் முடிக்கணும்பாங்க."

"அந்தக் கணக்கு டீச்சர் பெரிய ஆளா சார்?"

"ஆமா. அந்தா, செருப்பு போட்டு மணல்ல நடந்து வாராங்க பாருங்க."

இருவரும் சிரித்தார்கள். நானும் எந்தத் தவறான தகவலும் சொல்லப்படவில்லை என்பதால் மறுக்கவில்லை. பொதுத்தேர்வு வந்தால் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்வது எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கந்தான். எங்கள் பள்ளித் தேர்ச்சி விழுக்காடு தொண்ணூற்றெட்டு. சும்மா வந்ததா அது?

"இங்க எந்த டீச்சரும் வந்து என் பீரியடக் கேக்க முடியாதுல்லா" என்றார் பிறகு. அற்புதராஜிடம் சொன்னாரா, என்னிடமா, கடலிடமா, தெரியவில்லை.

நான் நான்கு நாளும் அட்டவணைப்படிதான் இருந்தேன். தனியாக நடந்தேன். தனியாகச் சூரியோதயம் பார்த்தேன். அவர் பங்குக்கும் சேர்த்துப் பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நேற்று முற்பகல், வாசிப்புப் பாடவேளை முடிந்து வெளியே வருகிறேன். தொட்டில் காலி. மணலில் அவர் செருப்பு. செருப்புக்குள் மூக்குக் கண்ணாடி. நிமிர்ந்து பார்த்தால், தண்ணீரில் மல்லாந்து கிடக்கிறார். கையிரண்டும் விரிந்து கிடக்கின்றன. அசைவில்லை. சிற்றாற்றில் நீந்திப் பழகியவர்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் அறுபத்தெட்டு வயது.

"தீத்தாரப்பன் சார்!" என்று கூப்பிட்டேன். பிறர் முன்னிலையில் அப்படித்தான் கூப்பிடுவேன். பதிலில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். நான் இரண்டாம் முறை கூப்பிட நேர்ந்த ஆசிரியர் என் பணிக்காலத்தில் யாரும் இல்லை.

பிறகு பார்த்தால் நான் தண்ணீருக்குள் நிற்கிறேன். எப்போது இறங்கினேன் என்று சொல்லத் தெரியவில்லை. புடவைக் கொசுவமெல்லாம் நனைந்து முழங்காலில் ஒட்டிக்கொண்டது. செருப்பில் ஒன்று போய்விட்டது.

அவர் தலையை மட்டும் திருப்பினார். "வந்துட்டீங்களா டீச்சர்."

"மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வந்தேன்."

"இருக்கு. இன்னும் ரெண்டடி வாங்க. தண்ணி வெதுவெதுன்னு இருக்கு."

"மாற்றுப் புடவையைப் பெட்டியில் அடுக்கிவிட்டேன்."

"நனைஞ்சது நனைஞ்சாச்சுல்லா."

நான் இருந்த இடத்திலேயே நின்றேன். அவர் மறுபடி வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

"இருவத்தஞ்சு வருசம் ஆச்சு, என்ன?" என்றார்.

"எதற்கு?"

"நான் லெட்டர் குடுத்து."

எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்காதே. கடிகாரத்தை அறையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். சிறிய மீன்கள் காலைச் சுற்றி வந்தன. அவ்வளவுதான். இரண்டடி நான் போகவில்லை. திரும்பி வந்து புடவையை அலசிப் போட்டேன்.

இன்று காலை பத்து மணிக்குப் பெட்டிகளைப் பூட்டிவிட்டு அவரைத் தேடினால், சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு, தலை சீவி, என் முன்னால் வந்து நின்றார். விடுதியின் தாளில் எழுதிய விண்ணப்பம். இதோ, கைப்பையில் இருக்கிறது, பார். அனுப்புநர், தீத்தாரப்பன், உடற்கல்வி ஆசிரியர், அடைப்புக்குறிக்குள் ஓய்வு. பெறுநர், தலைமையாசிரியை, அடைப்புக்குறிக்குள் ஓய்வு. 'எனக்குச் சும்மா இருக்கவேண்டியிருப்பதால் இன்று முதல்', அப்புறம் ஒரு கோடு, 'வரை விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.' கையெழுத்து அழகாக இருக்கிறது, இல்லையா? எப்போதுமே அழகு.

"இதில் குறை இருக்கிறது" என்றேன். "சும்மா இருப்பது விடுப்புக்குக் காரணமாகாது. எதுவரை என்றும் குறிப்பிடவில்லை."

"தெரிஞ்சாத்தான குறிப்பிட?"

"நாளை மறுநாள் ஓய்வூதியர் சங்கக் கூட்டம். நான் செயலாளர். கட்டாயம் போகவேண்டும்."

"நீங்க போயிட்டு வாங்க டீச்சர். நான் இங்கன இருக்கேன். குறை இருந்தா எழுதித் திருப்பிக் குடுங்க. திருத்தித் தாரேன்."

கல்யாணிக்குத் தொலைபேசினேன். அவளாவது அப்பாவைக் கண்டிப்பாள் என்று பார்த்தால், "அம்மா, ரூம இன்னும் ஒரு வாரம் நீட்டச் சொல்லி அப்பா நேத்தே சொல்லிட்டாங்கம்மா. ரெண்டு பேருக்கும்னுதான் சொன்னாங்க" என்கிறாள். இரண்டு பேருக்கு என்று இவர் எப்படி முடிவு செய்யலாம்? என்னைக் கேட்டாரா? கேட்டிருந்தால் நான் முறைப்படி மறுத்திருப்பேன்.

ஆகவே புறப்பட்டுவிட்டேன். ஆட்டோ வந்தது. பெட்டியைத் தூக்கி வைத்தார். அற்புதராஜிடம் சொல்லிக் கட்டி வாங்கிய கேரியரை என் மடியில் வைத்தார். "பாத்துப் போங்க. ஒரு மணிக்குச் சாப்ட்ருங்க" என்றார். கட்டில்மேல் இன்றும் இரண்டு அன்னம் வைத்திருந்தார். ஒன்றைப் பிரித்து மடித்தேன். மற்றதற்கு நேரமில்லை, விட்டுவிட்டேன்.

இதோ உன் கணவர் வந்துவிட்டார். பத்தொன்பது நிமிடம், தம்பி. தேநீர் மட்டுந்தான் கிடைத்ததா? நீங்கள் இருவரும் மதியம் சாப்பிடவில்லையா? மணி இரண்டாகப் போகிறதே. அந்தக் கேரியரை எடு, மதுவந்தி. எலுமிச்சைச் சோறாகத்தான் இருக்கும். மேலே சோறும் கீழே பொரியலும் வைத்திருப்பார். நான் ஒருத்தி எவ்வளவு சாப்பிடுவேன்? வெட்கப்படாமல் எடுத்துக்கொள்.

இரண்டிலும் சோறா? அப்படி வைக்கமாட்டாரே. சரி, கீழடுக்கை நீ எடுத்துக்கொள்.

என்ன? சொல், நான் தவறாக நினைக்கமாட்டேன். உப்பு இல்லையா?

கொடு, பார்க்கிறேன்.

ஆமாம். உப்பு பாதிதான்.

இது அவருடையது.

சாப்பாட்டு விஷயத்தில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. பத்தொன்பது ஆண்டில் ஒருநாள்கூட என் அடுக்கு அவருக்கும் அவர் அடுக்கு எனக்கும் மாறியதில்லை. இன்று தன் சோற்றையும் சேர்த்து என்னிடம் கொடுத்திருக்கிறார். ஞாபகப் பிசகு. ஐந்து நாள் தொட்டிலில் கிடந்தால் யாருக்கும் ஞாபகம் பிசகத்தானே செய்யும்? நீ ஏன் உன் கணவரைப் பார்த்துச் சிரிக்கிறாய்? இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஒரு மணிக்குச் சாப்பிடவேண்டியவர். அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர். அற்புதராஜ் கொடுப்பார்தான். கொடுத்தாலும் இவர் சாப்பிடமாட்டார். எனக்குத் தெரியும். நான் சாப்பிட்டேனா என்று தெரியாமல் அவர் சாப்பிட்டதில்லை. என் அறையிலிருந்து காலி அடுக்கு வந்தபிறகுதான் கூடைப்பந்து அறையில் தன் அடுக்கைத் திறப்பார் என்று உதவியாளர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆய்வு நாள்களில் நான் நாலு மணிக்குத்தான் சாப்பிடுவேன்.

நாலு மணிக்கு.

மூடிவிடு அம்மா. மன்னித்துக்கொள், இந்தச் சோற்றை உங்களுக்குக் கொடுக்க முடியாது. கேரியரை ஒழுங்காகப் பூட்டு. அந்தக் கொக்கி சற்று இறுகலாக இருக்கும்.

அறிவிக்கிறார்கள். கப்பல் வந்துவிட்டது போலிருக்கிறது. நீங்கள் போங்கள். நான் வரவில்லை. அவருக்காகப் போகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. குறையுள்ள விண்ணப்பத்தை அன்றைக்கே அனுப்புநரிடம் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். கைப்பையில் போட்டு எடுத்துவந்தது என் பிழை. என் பணிக்காலத்தில் ஒரு காகிதம் நிலுவையில் கிடந்ததில்லை. சங்கக் கூட்டத்துக்குத் துணைச்செயலாளர் இருக்கிறார். அவர் எழுதும் கூட்டக் குறிப்பில் பிழை இருக்கும், போய்த் திருத்திக்கொள்ளலாம். எப்போது என்று கேட்கிறாயா? அதை இப்போது குறிப்பிட இயலாது.

எங்கள் இருக்கை பதினான்கும் பதினைந்தும். இரண்டும் காலியாகத்தான் இருக்கும். உன் கணவரைக் காலை நீட்டி உட்காரச் சொல். தம்பி, என் பெட்டியை மட்டும் அந்த ஆட்டோ வரை கொண்டுவந்து வைத்துவிடுங்கள். கேரியரை நானே எடுத்துக்கொள்கிறேன்.

போய்ச் சேரும்போது மணி இரண்டேமுக்கால் ஆகும். ஒரு மணிச் சாப்பாட்டுக்கு இரண்டேமுக்கால். தாமதந்தான், நான் மறுக்கவில்லை. சிவப்புப் பேனா கைப்பையில் இருக்கிறது. கேட்டால் கொடுத்துவிடுவேன்.